அண்ணாச்சி வீட்டுக் கதவு

அவரைப் பற்றிய நல்ல விஷயங்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மனம் வராது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்கு முன்பு விடியுமுன் எழுந்து மூன்று சந்து தள்ளிப் போய்க் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், சுடுகாடு வரைக்கும் கூடவே நடப்பார். ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டிய கடிதத்தைத் தன் லெட்டர்ஹெட்டில் எழுதி, ஒரு டீக்குக்கூட ஆசைப்படாமல் கையெழுத்துப் போட்டுத் தருவார். என் மகள் பிறந்தபோது பிறப்புச் சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். ஒரே நாளில் திருத்தி வாங்கித் தந்தார். இவ்வளவும் உண்மை. இவ்வளவுக்குப் பிறகும் அவர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை என்றால் குறை என்னிடம்தானோ என்று நூறு தடவை யோசித்திருக்கிறேன். நூற்றியோராவது தடவை யோசிப்பதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

தாராவியில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒருமுறை நகர்சேவக்காக, அதாவது மாநகராட்சியில் எங்கள் வார்டின் உறுப்பினராக இருந்தார். அடுத்த முறை வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் மனைவியை நிறுத்தி ஜெயிக்கவைத்தார். வாசல் போர்டில் மனைவியின் பெயர், உள்ளே நாற்காலியில் அவர். நான் கல்யாணமாகிச் செம்பூரிலிருந்து இங்கே வந்தபோது நிலைமை அப்படித்தான் இருந்தது.

வந்த மூன்றாம் நாள் எங்களைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"செம்பூர்ல எங்கன தாயி?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால உள்ள வரிசை வீட்டுச் சாலா? அங்க மாடியில ஒரு டிராயிங் மாஸ்டர் இருப்பாரே, ஒரு காலை லேசாச் சாய்ச்சு நடப்பாரு."

"அவர் எங்க பெரியப்பா."

"அப்படிச் சொல்லு! ஒரு தடவை மாட்டுங்கா மார்க்கெட்ல பாத்திருக்கேன். முருங்கைக்காய் பேரம் பேசிக்கிட்டு நின்னாரு."

ஒரு தடவை பார்த்த மனிதரின் நடையும் முருங்கைக்காயும் நினைவிருக்கிறது. புது இடத்துக்கு வந்து, கழிப்பறைக்கு எந்தப் பக்கம் போவது என்றுகூடத் தெரியாமல் பயந்துகொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அவருடைய பலமே அதுதான். யாருடைய பையன் எந்த வகுப்பில் பெயிலானான், எந்தக் கிழவிக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன், யார் யாரோடு எதற்காகப் பேசுவதில்லை, எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். ஊரார் சொன்ன ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருப்பார். தான் சொன்னது மட்டும் மறுநாளே மறந்துபோகும். மறந்ததுபோல நடிக்கிறார் என்றால் வெறுப்பது சுலபம். அவர் நிஜமாகவே மறந்துவிடுகிறார் என்றுதான் நான் இன்னும் சந்தேகப்படுகிறேன்.

அன்று கிளம்பும்போது என் மடியில் இருந்த வார இதழைப் பார்த்தார். "தமிழ் வாசிப்பியா? எழுதவும் வருமா?" என்றார். நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பத்து வரை படித்து, பிறகு பி.காம். முடித்தவள். எங்கள் சந்தில் இளவயதுக்காரர்கள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் எழுத்தைப் பார்த்து முழிப்பார்கள். அன்று முதல் அவருடைய தமிழ் நோட்டீஸ்கள் என் கையெழுத்தில் போயின. கொசு மருந்து அடிக்கும் நாள், தண்ணீர் வராத நாள், இரங்கல். பெரியவர் கேட்கிறார், எழுதிக் கொடுப்பது கடமை என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதற்கடுத்த வருடம் அவர் முதல் கட்சியை விட்டு இரண்டாம் கட்சிக்குப் போனார். எனக்குத் தெரிந்து இரண்டாம் கட்சி. அதற்கு முன்னால் என்னென்னவோ, நான் அறியேன். மனைவியால் கூடப் போக முடியவில்லை. போனால் பதவி பறிபோகும் என்பது சட்டமாம். அதனால் அந்த அம்மாள் பழைய கட்சியிலேயே இருந்தார். ஒரே வீட்டு மாடிக் கம்பியில் இரண்டு கொடிகள் பறந்தன. போன வாரம் வரை யாரைத் திருடன் என்று மைக்கில் திட்டினாரோ அவர் படத்துக்குக் கீழே இவர் கைகூப்பிச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு இட்லி அக்கா சும்மா இருக்க மாட்டாள். விடிகாலையில் இட்லி அவித்து, மாஹிம் ஸ்டேஷன் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகளைத் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டாள். குழாயடியில் எல்லோர் முன்னாலும் அவரையே கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, வீட்டுக்குள்ள சண்டை வந்தா எந்தக் கட்சி ஆபீஸ்ல போயிப் பிராது குடுப்பிய?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார், எல்லோரையும்விட அதிகமாக. "ரெண்டுலயும் நம்ம ஆளுதான இருக்கு. என்ன கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு, "உன் மகளுக்கு மூட்டுவலின்னியே, தைலம் அனுப்புனியா?" என்று அவளையே கேட்டார். அக்கா, அனுப்பிவிட்டேன் என்று சொல்லிக் குடத்தைத் தூக்கினாள்.

என் கணவர் தோல் பை செய்யும் கார்கானாவில் வேலை பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். அவரே ஒருநாள் டீக்கடையில் கேட்டுவிட்டாராம், ஏன் அண்ணாச்சி இப்படி மாறிட்டீங்க என்று.

"என்ன வே இப்படிக் கேட்டுட்டீரு? தாதர்ல வண்டி ஏறுதீரு. மாட்டுங்கால இந்தப் பக்கம் பிளாட்பாரம் வருது, வேற ஒரு ஸ்டேஷன்ல அந்தப் பக்கம் வருது. எறங்கணும்னா பிளாட்பாரம் எந்தப் பக்கமோ அந்த வாசலுக்குப் போவீரா, இல்ல, நான் ஏறுன வாசல்லதான் நிப்பேம்னு சொல்லுவீரா?"

கணவர் இதை வந்து சொன்னபோது நானும் சிரித்தேன், எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று. எந்த ஸ்டேஷனில் இறங்கப்போகிறார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்தபோது சர்வே வந்தது. தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள், அதற்கு முன்னால் வீடுகளை எண்ணுகிறார்கள் என்றார்கள். அடையாள அட்டை தொங்கவிட்ட இளைஞர்கள் சந்து சந்தாக வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு வந்து அளப்பார்களாம், காகிதம் பார்ப்பார்களாம்.

இரண்டாம் கட்சி அதை எதிர்த்தது. அண்ணாச்சி எங்கள் சந்து முனையில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். "கதவுல நம்பர் விழுந்தா நாம ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். நாளைக்கு எந்தக் கோர்ட்டுலயும் பேச முடியாது. நம்ம சந்துல ஒரு கதவுலயும் நம்பர் இருக்கக் கூடாது. ஒண்ணுலயும்!" குரல் உடைந்து கண்ணில் நீர் வந்தது. நடிப்பு என்று நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

அன்று மாலையே நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். 'நம் வீடு நம் உரிமை. கதவில் உள்ள எண்ணை இன்றே அழியுங்கள்.' ஜெராக்ஸ் எடுத்துச் சந்து முழுக்க ஒட்டினார்கள். சிவப்புப் பெயிண்ட் தண்ணீரில் போகவில்லை. என் கணவர் கார்கானாவிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் தின்னர் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாள் பாத்துட்டு அழிப்போமே" என்றார்.

"அண்ணாச்சி சொல்லியிருக்கார். நோட்டீஸ் எழுதினதே நான். நம்ம கதவுலயே நம்பர் இருந்தா நல்லாவா இருக்கும்?"

கணவர் பாட்டிலைக் கொடுத்துவிட்டார். நானே துணியில் நனைத்துத் தேய்த்தேன். மீதியை இட்லி அக்கா வாங்கிக்கொண்டு போனாள். "நீ படிச்ச புள்ள, நீயே அழிக்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

பாப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு உண்டு. அதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். பொழுது சாய்வதற்குள் நெஞ்சு குழிய ஆரம்பித்துவிட்டது. சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. தூரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானே யோசித்துக்கொண்டேன்.

எப்படித்தான் தெரிந்ததோ, அண்ணாச்சி அங்கேயும் வந்துவிட்டார். பிஸ்கட் பாக்கெட்டோடு.

"என்ன தாயி, எதனால வந்துச்சு?"

"தின்னர் வாடை அண்ணாச்சி. நம்பர் அழிச்சோம்ல..."

அவர் முகம் நிஜமாகவே வருந்தியது. "சின்னப் புள்ள இருக்க வீட்டுல யாராச்சும் தின்னரைத் தொறப்பாவளா? படிச்ச புள்ள இல்லா நீ!" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது சரிதானே என்றுதான் அழுதேன். அதுதான் இப்போது நினைத்தால் எரிகிறது.

ஒன்றரை வருடம் ஓடியது. தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்றாம் கட்சியில் சேர்ந்தார். அந்தக் கட்சி சர்வேயை ஆதரித்தது. திங்கட்கிழமை ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிச் சந்து வாசல்களில் அவர் குரல் கேட்டது. விடுபட்ட வீடுகளுக்கு முகாம் நடக்கப்போகிறது, எல்லோரும் வந்து பதிந்துகொள்ள வேண்டும், நம் பிள்ளைகளும் லிஃப்ட் உள்ள வீட்டில் வாழ வேண்டாமா? அதே உருக்கம். குரல் அதே இடத்தில் உடைந்தது.

எண் இல்லாத வீடுகள் பட்டியலில் வராது, பட்டியலில் வராதவர்களைத் தூரத்தில் உப்பளம் பக்கம் எங்கேயோ அனுப்புவார்கள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நிஜமா புரளியா என்று யாருக்கும் தெரியாது. நான் உப்பளத்தை யோசிக்கவில்லை. அங்கிருந்து ஆஸ்பத்திரி எத்தனை நேரம் என்று யோசித்தேன். பாப்பாவை ஜூனில் சயானில் நர்சரியில் சேர்த்திருந்தோம். அதையும் யோசித்தேன்.

லைட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்ன செய்வது என்று கேட்கத்தான். கோபப்பட அல்ல. அப்போதும் எனக்குக் கோபப்படத் தெரிந்திருக்கவில்லை.

அவர் வீட்டுத் தெருக்கதவு இரட்டைக் கதவு. ஒரு பக்கத்தில் ஒன்றரை வருடமாக அவர் கைகூப்பும் ஃப்ளெக்ஸ் ஆணியடித்து மாட்டியிருக்கும். நான் போனபோது இரண்டு ஆட்கள் பழைய கட்சி ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பழையது கீழே சரிந்தது. அதற்குப் பின்னால் கதவில் சிவப்புப் பெயிண்டில் எண் இருந்தது. வெயில் படாததால் நேற்று எழுதியதுபோல இருந்தது.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். முகத்தில் ஏதாவது மாறும் என்று காத்திருந்தேன். அவரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"பாத்தியா தாயி, எவ்வளவு திருத்தமா எழுதியிருக்கான். நல்ல கை" என்றார்.

பிறகு, "காகஜ் எல்லாம் கொண்டாந்தியா? டென்ஷன் லேனே கா நஹி, கவலைப்படாத. நாளைக்குக் கேம்ப்புக்கு வா" என்று என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எண் இல்லாதவர்கள் ஏன் இல்லை என்று மராட்டியிலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டும், தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுக் கட்சித் துண்டோடு மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் மழையில அழிஞ்சுபோச்சுன்னு எழுதுங்க. வேற எதுவும் எழுதாதீங்க. தாயி, நம்ம சனத்துக்கு நீ எழுதிக் குடு."

எழுத வராதவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அழித்தோம் என்று எழுதினால் சர்வேக்கு ஒத்துழைக்காதவர்கள் என்று தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு. என் காகிதத்தை முதலில் எழுதினேன். மழை. பிறகு ஒவ்வொருவருக்காக எழுதினேன். மழை, மழை, மழை. மேஜையில் இருந்த பையன் இந்தியில், "உங்கள் சந்தில் மட்டும்தான் மழை பெய்ததா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இட்லி அக்கா முறை வந்தது.

"எனக்கு மழைன்னு எழுதாதட்டி. நான் அழிச்சேன். அண்ணாச்சி அழிக்கச் சொன்னாவ, நீ நோட்டீஸ் எழுதுன, நான் அழிச்சேன். அப்படியே எழுது."

"அக்கா, அப்படி எழுதினா ரிஜெக்ட் ஆயிடும்."

"தின்னரைப் போட்டுத் தேச்ச கை இது. மழை மேல பழியப் போடச் சொல்லுதியா?"

எழுதினேன். ஆனால் அவள் சொன்னதுபோல முழுதும் எழுதவில்லை. 'நானே அழித்துவிட்டேன்' என்று மட்டும் எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை. என் நோட்டீஸையும் எழுதவில்லை. அக்காவுக்கு மராட்டி வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்தாள். அதைப் பையன் மற்றக் காகிதங்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தான். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

அண்ணாச்சி இப்போது இங்கே இல்லை. வீட்டை யாருக்கோ விட்டுவிட்டுச் செம்பூரில், என் பிறந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு உயரமான கட்டடத்துக்குப் போய்விட்டார். அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன். அவரைப் பார்க்கப் பயமா, அவர் பாப்பாவின் இழுப்பைப் பற்றி மறக்காமல் விசாரிப்பார் என்று பயமா, சொல்லத் தெரியவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது எங்கள் வாசலில். மழைக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் மறுபடி எண் எழுத ஆட்கள் வந்திருந்தார்கள். உள்ளே ஒருவன் எங்கள் ஏணியையும் மேல் அறையையும் அளந்துகொண்டிருந்தான். கணவர் வேலைக்குப் போயிருந்தார். பாப்பா இடையில் புகுந்து கலாட்டா பண்ணியதால் இட்லி அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள். அவள் கதவுக்கு யாரும் வரவில்லை. அளவெடுத்தவன் படிவத்தை வெளியே நீட்டினான். சாட்சிக் கையெழுத்துக்காக அண்ணாச்சி அதை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு எப்ப அண்ணாச்சி வருவாவ?" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அதே வருத்தம். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே நிஜமான வருத்தம்.

"அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கதவுல உள்ள நம்பரை யாரும் தொடாதீயன்னு. நோட்டீஸ் போட்டு ஒட்டுனேன். யாராச்சும் கேட்டியளா?" பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். "ஏன் தாயி, நீதான எழுதுன? நீயே சொல்லு."

உள்ளே அளவு நாடா சுருளும் சத்தம் கேட்டது. படிவத்தில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. பாப்பா அக்காவின் தாலியில்லாத கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அக்கா இரண்டு எட்டு எடுத்து வைத்து வந்து, குழந்தையின் விரல்களைத் தன் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இந்தா, உம் புள்ளையப் பிடி" என்றாள்.